பன்னிரண்டு வோல்ட்

எழுபத்திரண்டு மாடல் பிக்கப்.
வாங்கும்போது பெட்ரோல்.
இன்ஜின் உறிஞ்சுகிற காற்றில்தான் ஓடும்
அதன் வைப்பர்.
இறக்கத்தில் சாமி வந்தாற்போல் ஆடும்.
புளியரை ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால்
நடுக்கண்ணாடியில் நின்று
எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.
டீசல் இன்ஜின் மாற்றினோம்.
அன்றோடு அதற்கு மூச்சே இல்லை.

பிறகு கயிறு.
கிணற்றுக்கு வாங்கியதில் மிச்சம்,
பச்சை நைலான்.
ஒரு நுனி அவர் ஜன்னல் வழியாக, ஒரு நுனி என் ஜன்னல் வழியாக.
அவர் இழுத்தால் வலப்பக்கம் போகும்
நான் இழுத்தால் இடப்பக்கம் வரும்.
ஆனி ஆடிச் சாரலில்
பின்னால் பதினைந்து மூட்டை எலுமிச்சை,
புளியங்குடியிலிருந்து புனலூர் மட்டும்
மலையேறும் தூரமெல்லாம்
அவருக்கு ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கயிற்றில்.
எனக்கு முழங்கை வரை மழை.

அந்த ஆடியில் பேச்சு இல்லை.
புனலூர் கமிஷன் கடை வர்க்கீசுக்கு
மூன்றாம் தடவையும் கடனுக்குப் போட்டுவிட்டு வந்தார்,
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.
கணக்கு நோட்டை மூடினேன்,
வாயையும்.

கயிற்றுக்கு இதெல்லாம் தெரியாது.
நான் வெடுக்கென்று இழுப்பேன்.
அவர் அதைவிட வெடுக்கென்று.
அந்த வாரம் துலங்கினாற்போல்
எங்கள் கண்ணாடி என்றைக்கும் துலங்கியதில்லை.

பதினோராம் நாள், ஆரியங்காவு வளைவில்
கயிறு அறுந்தது.
எதிரே லாரியின் வெளிச்சம் மட்டும், லாரி இல்லை.
அவர் தலையை வெளியே நீட்டி ஓட்டினார்.
நான் ஒரு பழத்தைப் பல்லால் கடித்துப் பிளந்து
எட்டின மட்டும் கண்ணாடியில் தேய்த்தேன்.
பாதிதான் கேட்டது.
அப்போதும் பேசவில்லை, இரண்டு பேரும்.

மறுநாள் சீட்டுப் பணத்தோடு
கடையநல்லூருக்கு நானே வண்டியை அனுப்பி
பின்னாலேயே பஸ்ஸில் போய் இறங்கினேன்.
“மோட்டார் புதுசு இல்ல பாத்துக்கிடுங்க,
ஓம்னியில கழட்டுனது. ஆனா ஓடும்” என்றார்
எலெக்ட்ரீசியன் செய்யது மீரான்.
தண்டின் பல் சேரவில்லை,
லேத்தில் ஒரு புஷ் கடைந்து வந்தது.
பதினாலு அங்குல பிளேடு நடுக்கம்பியில் முட்டியது,
பதினொன்றாக நறுக்கினார்.
டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவரிடம்
சிவப்பு தெரியுது, கறுப்பு தெரியுது,
இந்த மஞ்ச வயர் எதுக்கு என்று கேட்டேன்.
“அது வீட்டுக்குப் போற வயருக்கா.
சுவிட்ச அணைச்சாலும் நடுவழியில நிக்காது.
போயி ஓரத்துல படுத்துக்கிடும்.”
நோட்டைத் திறந்து எழுதினேன்:
மோட்டார், புஷ், கூலி,
மஞ்சள் வயர் ஒன்றரை மீட்டர்.

வீட்டு வாசலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார் தவசிக்கனி.
ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி
சுவிட்சைப் போட்டார்.
அணைத்தார்.
இன்னொரு வாளி.
மூன்றாவது வாளிக்கு நான் உள்ளே போய்விட்டேன்,
சிரிப்பு வந்துவிடும் என்று.

செங்கோட்டை தாண்டினதும் பிடித்தது மழை.
ஏற்றமோ இறக்கமோ, ஒரே நடை அதற்கு,
கடக் புடக், கடக் புடக்.
என் கை பழக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே போய்
சும்மா நனைந்து திரும்பியது.
புளியரை வயல்களில்
பாலிதீன் தாள் போர்த்திக் குனிந்து நடவு நட்டவர்களை
அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.
பதினேழு பேர்.
மடியில் இரண்டு கைகளும்
யாருடைய கைகளோ போலக் கிடந்தன.

அவர் முகத்துக்கு நேரே
பிளேடு ஒரு கோட்டை விட்டுவிட்டு வந்தது.
போகும்போது இல்லை, வரும்போது மட்டும்.
ஒரு மைல் பொறுத்தேன்.
“உம்ம பக்கம் கோடு விழுது.”
துண்டை எடுத்துத் துடைத்தார்.
“உள்ள இல்ல. வெளிய.”
“ம்.”
“வர்க்கீசு இந்தத் தடவ ரொக்கமாத் தரணும்.”
வைப்பர் போனது, வந்தது.
போனது.
“பாப்போம்” என்றார்.